சீபாப் இயந்திரத்தை வீட்டில் கழுவிப் பராமரித்தல்: மலையகத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்காக என் கணவர் ஆறு ஆண்டுகளாக, மாஸ்க் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தும் சீபாப் (CPAP) இயந்திரம் பாவித்து வருகிறார். அதைக் கழுவுவதும் காயவைப்பதும் முதல் வாரத்திலேயே என் வேலையாகிவிட்டன. கண்டியில் கிளினிக்கிற்குப் போய்க் காத்திருக்கும்போதும், தலவாக்கலையில் எங்கள் வீட்டுப் பக்கம் யாருக்காவது புதிதாக இயந்திரம் வந்துவிட்டாலும், பழைய மாணவர்களின் பெற்றோர் தொலைபேசியில் அழைக்கும்போதும் அதே சந்தேகங்களே திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டன. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

இயந்திரத்துடன் வரும் ஆங்கிலக் கையேட்டில் கழுவும் முறை விளக்கமாக இருக்கிறது. காயவைப்பதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அந்த ஒரு வரி வேலைக்கு எங்கள் ஊரில் ஜூன் மாதத்தில் இரண்டு நாள் பிடிக்கிறது. நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, மருத்துவர் அல்லள். காற்றழுத்த அளவு, மருந்து, சிகிச்சை பற்றிய கேள்விகளை உங்கள் வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

இதுல எதையெல்லாம் கழுவணும் டீச்சர்? மெஷினையுமா?

இயந்திரத்தை ஒருபோதும் தண்ணீரில் கழுவக் கூடாது. முகத்தில் படியும் மாஸ்க், அதைத் தலையில் பிடித்திருக்கும் துணிப்பட்டி, ஏறத்தாழ 1.8 மீற்றர் நீளமான காற்றுக் குழாய், காற்றுக்கு ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தொட்டி ஆகிய நான்கும்தான் கழுவ வேண்டியவை. இயந்திரத்தின் வெளிப்புறத்தை, மின்செருகியைக் கழற்றிய பின், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இதை ஒட்சிசன் தரும் கருவி என்று நினைத்திருப்பவர்கள் பலர். அப்படியன்று. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் இந்த முறையை வெளியிட்ட காலத்திலிருந்து இன்றுவரை இதன் வேலை ஒன்றுதான்: அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, சிறிது அழுத்தத்துடன் மூக்கு வழியே செலுத்தி, உறங்கும்போது தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் வைத்திருப்பது. ஆகவே அறையில் புகை இருந்தால் புகையையும், சுவரில் பூஞ்சணம் இருந்தால் அதன் வாடையையும்தான் அது ஊதும். பராமரிப்பு என்பது அறையையும் சேர்த்துத்தான்.

தெனமும் கழுவணுமா? வாரத்துக்கு ஒருக்கா போதாதா?

இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே பொருளுக்கு அல்ல. முகத்தில் படும் சிலிக்கன் விளிம்பைத் தினமும் காலையில் கழுவுங்கள். முகத்தின் எண்ணெயும் வியர்வையும் அதில்தான் படிகின்றன. தொட்டியில் மிஞ்சிய தண்ணீரையும் தினமும் காலையில் கொட்டிவிட்டு, உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்துத் திறந்து வையுங்கள். குழாய், தொட்டி, தலைப்பட்டி ஆகியவற்றைச் சவர்க்காரம் போட்டு வாரம் ஒருமுறை கழுவினால் போதும்.

மிஞ்சிய தண்ணீரை வீணாக்காமல், அதன்மேல் புதிய தண்ணீரை ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தண்ணீர் சுமந்து வந்து பழகிய கை கொட்ட மறுக்கும் என்பது எனக்கும் தெரியும். அந்தத் தண்ணீரைப் பூச்சாடிக்கு ஊற்றுங்கள். தொட்டியில் மட்டும் விடாதீர்கள். இரவெல்லாம் மிதமான சூட்டில் நின்ற தண்ணீர் கிருமி வளர ஏற்ற இடம்.

எந்த சவுக்காரம் போடுறது? சன்லைட் கட்டி போடலாமா?

வாசனையும் நிறமும் குறைந்த, மென்மையான திரவச் சவர்க்காரம் சில துளிகள் போதும். கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டும் வாசனையற்ற திரவமும் சரி. துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரம் முழுமையாக அலசப்படாமல் குழாயின் உள்மடிப்புகளில் தங்கிவிடும். மறுநாள் இரவு அந்த வாசனையைத்தான் எட்டு மணி நேரம் சுவாசிக்க வேண்டியிருக்கும். கிருமிநாசினி கலந்தது, சருமத்தை மென்மையாக்க எண்ணெய் சேர்த்தது ஆகிய இரண்டு வகைகளையும் உற்பத்தியாளர்கள் விலக்குகிறார்கள்.

டெட்டோல், ஸ்பிரிட் போட்டா இன்னும் சுத்தமாத்தானே இருக்கும்?

இருக்காது. டெட்டோல், ஸ்பிரிட், குளோரின் கலந்த வெளுப்பான் ஆகியவை பிளாஸ்டிக்கையும் சிலிக்கனையும் இறுகவும் வெடிக்கவும் செய்யும். வெடிப்பு விழுந்த இடத்தில் அழுக்கு இன்னும் ஆழமாகத் தங்கும். அத்துடன் அவற்றின் ஆவி நேரே நுரையீரலுக்குப் போகும். தரையைத் துடைப்பதற்கும் மூச்சு விடும் குழாயைக் கழுவுவதற்கும் வேறுபாடு உண்டு. மென்மையான சவர்க்காரமும் பொறுமையான அலசலும் போதும்.

சுடுதண்ணியில போட்டு அவிச்சா கிருமி செத்துரும் இல்லையா?

பால் போத்தலை அவித்துப் பழகியவர்கள் கேட்கும் கேள்வி இது. உங்கள் கையேடு தெளிவாக அனுமதித்தாலொழிய எதையும் அவிக்க வேண்டாம். கொதிநீரில் குழாய் உருமாறும். சிலிக்கன் விளிம்பு தன் வடிவத்தை இழந்து முகத்தில் சரியாகப் படியாது. கையை வைத்தால் இதமாகத் தெரியும் வெதுவெதுப்பே சரியான சூடு. பேசினில் தண்ணீர் எடுத்து, மேலே சொன்ன சவர்க்காரத்தைக் கரைத்து, குழாயை அதற்குள் முழுமையாக அமிழ்த்தி, இரு முனைகளையும் பிடித்துத் தண்ணீரை முன்னும் பின்னுமாக ஓட விடுங்கள். பிறகு நுரை முற்றாகப் போகும் வரைக்கும் அலசுங்கள்.

தொட்டிக்கு பீலித் தண்ணி ஊத்தலாமா? நாங்க அததானே குடிக்கிறோம்.

குடிப்பதற்கும் சுவாசிப்பதற்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. குடிக்கும் தண்ணீர் வயிற்றின் அமிலத்தைக் கடந்து போகிறது. இந்தத் தண்ணீரோ சூடேற்றப்பட்டு, அதன்மேல் வரும் காற்று நேரே மூக்கிற்குள் போகிறது. மலை ஊற்று கண்ணாடிபோல் தெளிந்து தெரிந்தாலும், மேலே உள்ள தேயிலை மலையிலிருந்தும் மரக்கறித் தோட்டத்திலிருந்தும் உரமும் மருந்தும் மண்ணும் மழையோடு அதில் இறங்குகின்றன. இலையும் அட்டையும் மாட்டுச் சாணமும் இறங்குவதை நாமே பார்த்திருக்கிறோம்.

உற்பத்தியாளர்கள் சொல்வது காய்ச்சி வடித்த நீர். பெரிய நகரங்களின் பாமசிகளில் கேட்டு வாங்கலாம். அட்டன், பண்டாரவளை போன்ற இடங்களுக்குப் போகும்போது இரண்டு மூன்று போத்தல்களாக வாங்கி வைப்பது நல்லது. கடையில் விற்கும் குடிநீர்ப் போத்தலில் கனிமங்கள் இருப்பதால் அது காய்ச்சி வடித்த நீருக்குச் சமமாகாது.

போத்தல் முடிந்துவிட்ட இரவில் என்ன செய்வது என்று உடனே அடுத்த கேள்வி வரும். அநேகமான இயந்திரங்கள் தண்ணீர் இல்லாமலும் வேலை செய்யும்; ஈரப்பதமூட்டியின் சூட்டை அணைத்துவிட்டால் போதும். மூக்கு சற்று வறளும், அவ்வளவுதான். சந்தேகமான தண்ணீரோடு உறங்குவதைவிட ஒரிரவு தண்ணீரின்றி உறங்குவதையே நான் தெரிவு செய்வேன்.

கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி சரிதானே? நம்ம ஊருல தண்ணி சீக்கிரம் கொதிக்குதுன்னு சொல்றாங்களே?

காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத நாட்களுக்கு, வடிகட்டிக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அடுத்த தெரிவு. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். கனிமங்களும் உரமருந்துகளும் அப்படியே இருக்கும். அதனால் இதை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டாம்.

உயரம் பற்றிய பேச்சு உண்மைதான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கொதிநிலை சுமார் 94 பாகை செல்சியஸ். அந்தச் சூடும் கிருமிகளைக் கொல்லப் போதுமானது. கொதி வந்தவுடன் இறக்காமல் சிறிது நேரம் விட வேண்டும், அவ்வளவே. பொதுவான அறிவுரை, புரண்டு கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம். 2,000 மீற்றரை நெருங்கும் இடங்களிலும் அதற்கு மேலும் மூன்று நிமிடம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் மூன்று நிமிடம் என்றே வைத்துக்கொள்ளலாம். தானாக நின்றுவிடும் மின்கேத்தலை நம்பாமல் அடுப்பில் வைப்பது மேல்.

ஷெட்ல விக்கிற பேட்டரித் தண்ணி காய்ச்சி வடிச்சதுதானே, அதையே ஊத்துனா என்ன?

வேண்டாம். அது வாகன மின்கலத்துக்காகத் தயாரிக்கப்படுவது. கனிமம் நீக்கப்பட்டிருக்கலாம், ஆனால் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எந்தப் போத்தலில் நிரப்பினார்கள், முன்னர் அதில் என்ன இருந்தது என்பதும் நமக்குத் தெரியாது.

தொட்டி அடியில வெள்ளையா படியுது. தேய்ச்சாலும் போகல.

அது கனிமப் படிவு. பைப் தண்ணீரோ, கொதிக்க வைத்த தண்ணீரோ ஊற்றுகிறீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் வீட்டுத் தண்ணீரின் தன்மையை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. கேத்தலின் அடியைப் பாருங்கள். அங்கே வெள்ளை படிந்தால் இங்கேயும் படியும்.

இரும்பு நாரால் தேய்த்தால் கீறல் விழும். ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, தொட்டியில் ஊற்றி வைத்து, படிவு இளகியதும் மென்மையான தூரிகையால் துடைத்து நன்றாக அலசுங்கள். ஒருமுறையில் போகாவிட்டால் மீண்டும் செய்யுங்கள். ஊறுகாய்க்கு ஊற்றும் தென்னை வினாகிரி இதற்கு ஏற்றதன்று. நிறமும் மணமும் தங்கிவிடும்.

மழ காலத்துல குழாய் காயவே மாட்டேங்குது. என்னதான் செய்யறது?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்டதும், நானே மிக அதிகமாகத் திணறியதும் இந்தக் கேள்வியில்தான். அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கு மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களிலும் தை மாதத்திலும் வடகீழ் மழை. இரு பக்கத்தாருக்கும் காலம் வேறு, கஷ்டம் ஒன்று. காற்றே ஈரமாக இருக்கும்போது, கொடியில் தொங்கும் ஒரு குழாய் தன் உட்புற ஈரத்தை எங்கே விடும்? நெளிநெளியான உள்மடிப்புகளில் துளித் துளியாக நின்று, மூன்றாம் நாள் புளித்த வாடை வீசும். ஈரமாகவே பாவிக்கப்படும் கழுவிய குழாயைவிட, கழுவாத உலர்ந்த குழாய் எவ்வளவோ மேல் என்று சில மழை நாட்களில் எனக்குத் தோன்றியதுண்டு.

எங்கள் வீட்டில் பலன் தந்த முறை இது. கழுவியதும் குழாயின் ஒரு முனையைப் பிடித்து, வாசலில் நின்று, சவுக்குச் சுழற்றுவதுபோல் பலமாகச் சுழற்றுவேன். பெரும்பகுதித் தண்ணீர் அதிலேயே வெளியேறிவிடும். வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, நடுப்பகுதி மேலேயும் இரு முனைகள் கீழேயும் வரும்படி உள்ளறைக் கொடியில் போடுவேன். மாலையில் குழாயை இயந்திரத்தில் மாட்டி, ஈரப்பதமூட்டியின் சூட்டை அணைத்து, தண்ணீரில்லாத உலர்ந்த தொட்டியோடு பத்துப் பதினைந்து நிமிடம் காற்றை ஓட விடுவேன். மாஸ்க் இல்லாமல் காற்று வீணே போவதை உணர்ந்து சில இயந்திரங்கள் தாமாக நின்றுவிடும். மீண்டும் அழுத்தித் தொடங்கலாம். உள்ளே கடைசித் துளியும் மறையும் வரை இதைச் செய்யுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட மேலானது இரண்டாவது குழாய் ஒன்று வாங்குவது. ஒன்று பாவனையில் இருக்க, மற்றது அவசரமில்லாமல் இரண்டு நாள் காயும். இந்த இயந்திரத்துக்காக நாங்கள் செய்த செலவுகளில் மனம் நோகாத செலவு அதுதான். கழுவும் வேலையையும் மழைக் காலத்தில் காலையிலேயே முடித்துவிடுங்கள். பின்னேரம் கழுவிய குழாய் அன்றிரவு காயாது.

அடுப்புக்கு மேல கட்டித் தொங்க விட்டா சீக்கிரம் காயுமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் ஆண்டு ஜூன் மாதத்தில், தொடர்ந்து நான்கு நாள் மழை விடாதபோது, விறகடுப்புக்கு மேலே கருவாடு காயவைக்கும் கம்பியில் குழாயைப் போட்டேன். அன்றிரவு என் கணவர் மாஸ்க்கை மாட்டிய கையோடு கழற்றிவிட்டு, "என்ன, என்னையும் வாட்டப் போறியா?" என்று கேட்டார். புகை குழாயின் உள்ளே ஏறிவிட்டது. மூன்று முறை கழுவியும் வாடை போகவில்லை. சூட்டில் ஓரிடம் இறுகியும் இருந்தது. தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

வெயில் வந்துவிட்டதே என்று முற்றத்தில் நேர்வெயிலில் போடுவதும் நல்லதன்று. பிளாஸ்டிக் மஞ்சளாகி உடையும். நிழலில், காற்று வரும் இடத்தில் போடுங்கள். முடி உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டுக்காற்றும் வேண்டாம்.

ராத்திரியில குழாய்க்குள்ள கொடகொடன்னு சத்தம், மூஞ்சில தண்ணி தெறிக்குது. மெஷின் பழுதா?

பழுதில்லை. தொட்டியிலிருந்து சூடாகவும் ஈரமாகவும் புறப்படும் காற்று, குளிர்ந்த அறையில் கிடக்கும் குழாயின் சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. விடியற்காலையில் யன்னல் கண்ணாடியில் நாம் பார்க்கும் அதே வியர்வைதான். துகள் உறைபனி விழும் நுவரெலியாவின் தை, மாசி இரவுகளில் இது நடக்காவிட்டால்தான் வியப்பு.

முதலில் ஈரப்பத அளவை ஒரு படி குறைத்துப் பாருங்கள். அடுத்து, இயந்திரத்தைத் தலைமட்டத்துக்குக் கீழே, கட்டிலருகில் ஒரு முக்காலியில் வையுங்கள். திரளும் தண்ணீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும். மூன்றாவதாகக் குழாய்க்குப் போர்வை போடுங்கள். பழைய கம்பளிச் சட்டையின் கைகளை வெட்டித் தைத்து நான் ஓர் உறை செய்தேன். மழையில் கொழுந்து பறிக்கப் போகும்போது என் பாட்டி தலையில் போட்டுப் போன கம்பளியின் துண்டொன்று இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சூடேறும் குழாய் சில இயந்திரங்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது. குளிர் கூடிய இடங்களில் அது காசுக்கு உரிய பலன் தரும். அதில் மின்கம்பி ஓடுவதால், கழுவிய பின் மின் தொடுகை உள்ள முனை முற்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

இப்படித் திரண்ட தண்ணீரைக் காலையில் வடித்துவிட வேண்டும். வாரக் கழுவலை மட்டும் நம்பி அதை உள்ளே விட்டால், மழைக் காலக் கேள்வியில் சொன்ன புளித்த வாடை கோடையிலும் வரும்.

பில்டர கழுவிப் போடலாமா?

அது எந்த வகை என்பதைப் பொறுத்தது. ரெஸ்மெட் இயந்திரங்களில் வரும் வெள்ளை நிறத் தாள் போன்ற பில்டரைக் கழுவக் கூடாது. கழுவினால் அதன் நார்கள் குலைந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் போன்றவற்றில் இரண்டு உண்டு: தடித்த நீல நிறத்ததை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்கு உலர்த்தி மீண்டும் போடலாம், மெல்லியதைக் கழுவாமல் சுமார் முப்பது இரவுகளில் மாற்ற வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்குகள் விறகுப் புகை இல்லாத வீடுகளுக்கானவை. லயன் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டறையில்) சமையலும் உறக்கமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும்போது, பில்டர் ஆறு வாரத்திலேயே சாம்பல் நிறமாவதைக் கண்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் நாட்காட்டியைப் பார்க்காமல் மாற்றுங்கள். பில்டர் தூசியைத் தடுக்கும், புகையின் வாயுவைத் தடுக்காது. ஆகவே இயந்திரத்தை அடுக்களைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் வையுங்கள். சாம்பிராணியும் கொசுவர்த்தியும்கூட உறங்கும் அறையில் வேண்டாம்.

சளி பிடிச்சா தொட்டியில ரெண்டு சொட்டு யூக்கலிப்டஸ் தைலம் விடலாமா?

கூடாது. நுவரெலியா வீதியோரத்தில் வாங்கிய தைலப் போத்தல் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு என்பதால் இந்த ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஆவி பிடிப்பது பத்து நிமிட வேலை. இது இரவு முழுவதும் அழுத்தத்துடன் நுரையீரலுக்குள் செலுத்துவது. எண்ணெய் ஆவி நுரையீரலை உறுத்தும், தொட்டியையும் கெடுக்கும். தொட்டிக்குள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது. மூக்கின் கீழும் நெற்றியிலும் தைலம் பூசிக்கொண்டு மாஸ்க் மாட்டுவதும் அதே காரணத்தால் தவறு.

சளி, காய்ச்சல் நாட்களில் மாஸ்க்கோடு தொட்டியையும் தினமும் கழுவுங்கள். குழாயையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவி, குணமானதும் மாற்றத்தக்க பில்டரை மாற்றிவிடுங்கள். மூக்கு முற்றாக அடைத்திருந்தால் பாவிப்பதா நிறுத்துவதா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

மாஸ்க் புதுசுதான், ஆனா ஓரத்துல காத்து போகுது. பட்டிய இறுக்கி இறுக்கி மூஞ்சில தழும்பே விழுந்துருச்சு.

பட்டியை இறுக்குவதற்கு முன் முகத்தைக் கழுவிப் பாருங்கள். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்கி, சிலிக்கனில் படிந்து, வழுக்கலாகி, காற்றுக்கு வழிவிடுகிறது. நாள் செல்லச் செல்ல அந்த எண்ணெய் சிலிக்கனையே தளர்த்திவிடும். படுக்கைக்கு முன் முகத்தைச் சவர்க்காரத்தால் கழுவித் துடைத்து, எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றினால் பாதிக் கசிவு நின்றுவிடும். அதன் பின்னும் கசிந்தால் அளவு பொருந்தவில்லை என்று பொருள், கிளினிக்கில் காட்டுங்கள்.

தலைப்பட்டியை வாரம் ஒருமுறை கையால் கழுவி, முறுக்கிப் பிழியாமல் துணியில் ஒற்றிக் காயவையுங்கள். அது காய்வதும் தாமதம்தான். ஞாயிறு காலை கழுவுங்கள்.

மாஸ்க்குல சின்னச் சின்ன ஓட்டை இருக்கு, அதுலயும் காத்து வருது. டேப் போட்டு அடைச்சுட்டேன்.

தயவுசெய்து உடனே அகற்றுங்கள். இந்தப் பக்கத்திலுள்ள பதில்களில் அவசரமானது இதுவே. அந்தத் துளைகள் நீங்கள் வெளிவிடும் காற்று வெளியேறுவதற்காக வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. அவற்றை அடைத்தால் வெளிவிட்ட கரியமிலக் காற்றையே திரும்பச் சுவாசிக்க நேரும். அழுக்காலும் அவை அடைபடும். தினமும் கழுவும்போது மென்மையான தூரிகையால் தட்டி, வெளிச்சத்தில் பிடித்து எல்லாத் துளையும் திறந்திருப்பதைப் பாருங்கள். ஊசி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும். குளிருக்குக் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்துபவர்களும் இந்தத் துளைகளை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரண்ட் போனா என்ன செய்யணும்?

விழித்தவுடன் மாஸ்க்கைக் கழற்றுங்கள். காற்று ஓடாதபோது மேலே சொன்ன துளைகள் மட்டும் போதாது. மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கில், இயந்திரம் நின்றதும் தானாகத் திறக்கும் சிறு வால்வு ஒன்று உண்டு. அதில் சவர்க்காரப் படிவோ தூசியோ ஒட்டியிருந்தால் திறக்காது போகலாம். கழுவும்போது அது தாராளமாக அசைகிறதா என்று பாருங்கள். 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில்தான் பலர் அந்த வால்வு இருப்பதையே அறிந்தார்கள். இடிமின்னல் மிகுந்த சித்திரை, ஐப்பசி மாதங்களில், பாவிக்காத நேரத்தில் செருகியைக் கழற்றி வைப்பது இயந்திரத்துக்கு நல்லது.

கரப்பான் பூச்சி குழாய்க்குள்ள போயிருச்சு. கழுவிப் போட்டுக்கலாமா?

குழாயைக் கழுவிப் பாவிக்கலாம். இயந்திரத்தின் காற்று வாசலுக்குள் போயிருந்தால் பாவிக்காமல் விற்றவரிடம் கொண்டு போக வேண்டும். சற்றே சூடாக இருக்கும் இயந்திரம் குளிர்ந்த அறையில் பூச்சிகளுக்குச் சொர்க்கம். பகலில் சுத்தமான பருத்தித் துணியால் மூடி வையுங்கள்; ஓடும்போது அதை எடுத்துவிடுங்கள். பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளே பூட்டும் என்பதால் அது வேண்டாம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் பூச்சிமருந்து அடிக்கவும் கூடாது.

தானா கிருமி கொல்ற ஓசோன் பெட்டி ஒண்ணு மக வெளிநாட்டுல இருந்து அனுப்புறேங்குறா. வாங்கலாமா?

அந்தக் காசுக்கு இரண்டாவது குழாயும் ஒரு பெட்டி பில்டரும் அனுப்பச் சொல்லுங்கள். ஓசோன், புறஊதாக் கதிர் ஆகியவற்றால் சீபாப் உபகரணங்களைச் சுத்தம் செய்வதாக விற்கப்படும் கருவிகள் தன்னால் அனுமதிக்கப்பட்டவை அல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 பெப்ரவரியில் எச்சரித்தது. மிச்சமிருக்கும் ஓசோன் மூச்சை உறுத்தும். எப்படியானாலும் அது எண்ணெயையும் கனிமப் படிவையும் கழுவாது. கழுவும் வேலை உங்களுக்கே மிஞ்சும்.

கொழும்புக்கு பஸ்ஸுல கொண்டு போனேன். இப்ப உள்ள தண்ணி ஆடுற சத்தம் கேக்குது.

தொட்டியில் தண்ணீரோடு தூக்கிச் சென்றிருக்கிறீர்கள். இயக்க வேண்டாம். செருகியைக் கழற்றி, தொட்டியையும் குழாயையும் பிரித்து, காற்று வரும் வாசல் கீழ்நோக்கும்படி சாய்த்து வடியவிடுங்கள். உலர்ந்தது போலத் தெரிந்தாலும் விற்றவரிடம் காட்டிய பின்னரே பாவியுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் போனாலும், உடரட்ட மெனிக்கே ரயிலில் உட்கார்ந்து போனாலும், புறப்படுமுன் தொட்டியை வெறுமையாக்கித் துடைத்துத் தனியாகப் பொதியுங்கள்.

பெட்டியில மாஸ்க்க மாசம் ஒண்ணு மாத்தணும்னு போட்டிருக்கு. நமக்கு கட்டுமா?

அந்த அட்டவணைகள் பெரும்பாலும் காப்புறுதி பணம் கொடுக்கும் நாடுகளின் கணக்கு. நான் நாட்களை எண்ணுவதில்லை, பொருளைப் பார்க்கிறேன். சிலிக்கன் விளிம்பு இறுகியோ கிழிந்தோ ஒட்டும் பசைபோலாகியோ இருந்தால், குழாயில் வெடிப்போ கழுவியும் போகாத வாடையோ கரும்புள்ளியோ இருந்தால், தொட்டி மங்கி வெடித்திருந்தால் அல்லது ஒழுகினால் மாற்ற வேண்டும். பூஞ்சணத்தின் கரும்புள்ளி விழுந்த குழாயைக் கழுவிக் காப்பாற்ற முயல வேண்டாம். நன்றாகப் பராமரித்த மாஸ்க் எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் வந்திருக்கிறது.

லண்டன்ல எறந்துபோன மாமாவோட மெஷின குடுத்தாங்க. கழுவிட்டு அப்பாவுக்கு போடலாமா?

முதலில் பெயரையும் மாதிரியையும் பாருங்கள். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில், அவ்வாண்டு ஏப்ரல் 26க்கு முன் தயாரான முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து காற்றோடு கலக்கக்கூடும் என்பதே காரணம். சூடும் ஈரமும் அந்த உதிர்வைக் கூட்டுகின்றன; ஓசோன் பெட்டியும் அப்படியே. அந்தப் பஞ்சைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. அப்படிப்பட்ட இயந்திரமாக இருந்தால், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், வைத்தியரிடம் கேட்காமல் பாவிக்க வேண்டாம்.

அந்தப் பட்டியலில் இல்லாத இயந்திரமாக இருந்தாலும் மாஸ்க், குழாய், தொட்டி, பில்டர் நான்கையும் புதிதாக வாங்குங்கள். மின்வழங்கியில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் எங்கள் 230 வோல்ட்டுக்குப் பொருந்தும். உயரத்துக்கு ஏற்பத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வகையா, கையால் மாற்ற வேண்டிய பழைய வகையா என்பதையும் கேட்டறியுங்கள். கடைசியாக, அதில் இருப்பது மாமாவின் அழுத்த அளவு. அப்பாவுக்கு உறக்கப் பரிசோதனை செய்து, அவருக்குரிய அளவை வைத்தியர் மாற்றிய பிறகே அதைக் கட்டிலருகில் வையுங்கள்.